நாற்பது மீட்டர் அகலம்

நொச்சிப்புதூரின் மேல வீதியிலிருந்து கீழ வீதிக்குப் போக ஒரு பீடியைப் பற்றவைத்து முடிக்கும் நேரம்கூட ஆகாது என்றிருந்த காலத்தில், இரண்டு வீதிகளுக்கும் நடுவே கிடந்த பொட்டலை யாரும் ஒரு தூரமாகவே மதித்ததில்லை. அது அரசுப் புறம்போக்கு. நாற்பது மீட்டர் அகலத்தில் தெற்கு வடக்காக நீண்டு கிடந்தது. ஆடுகள் மேயும், மாரியம்மன் நோன்பிக்கு ராட்டினம் போடுவார்கள், மற்ற நாளெல்லாம் குழம்புக் கிண்ணத்தைக் கையில் ஏந்திக்கொண்டு பெண்கள் குறுக்கே நடப்பார்கள், குழம்பு ஆறாமல் போய்ச் சேரும். நகரத்தின் பெரிய ரயில் நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்குத் தனி ரயில் விடப்போகிறார்கள், அது இந்தப் பொட்டல் வழியாகத்தான் போகிறது என்று தெரிந்தபோது ஊர் கலங்கவில்லை. ஒரு வீடும் இடிபடாது, ஒரு கிணறும் மூடப்படாது, இப்படி ஒரு அதிர்ஷ்டம் எந்த ஊருக்கு வாய்க்கும் என்று பக்கத்து ஊர்க்காரர்கள்கூடப் பொறாமைப்பட்டார்கள்.

கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டு, லட்டும் மிக்சரும் கொடுத்து, திரை கட்டிப் படம் காட்டினார்கள். நிலம் அரசுடையது, ரயில் கம்பெனியுடையது, இரண்டு பேரும் கைகோத்து நடத்துவார்கள், முப்பத்தைந்து வருஷம் கம்பெனி ஓட்டிவிட்டு அப்படியே அரசிடம் ஒப்படைத்துவிடும். பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரமாகிற வழியை அந்த ரயில் பதினோரு நிமிஷத்தில் கடக்கும். படத்தில் ரயில் சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனது, அதற்குள் கோட்டுப் போட்டவர்கள் காப்பி குடித்தார்கள், காப்பி துளிகூடத் தளும்பவில்லை. ரயில் நம்மூரில் நிற்குமா என்று ஒருவரும் கேட்கவில்லை. லட்டு வாயில் இருந்தது ஒரு காரணம், நின்றால் மட்டும் விமானத்தில் ஏறி எங்கே போகப்போகிறோம் என்பது இன்னொரு காரணம். ஒப்பந்தத்தில் கையெழுத்தான மறுநாள் காலையில் ஆட்கள் வந்து, பொட்டலின் இரண்டு ஓரத்திலும் சுண்ணாம்பால் இரண்டு வெள்ளைக் கோடு போட்டுவிட்டுப் போனார்கள்.

முதலில் ஆறிப்போனது டீ. மேல வீதி லேத் பட்டறைக்குக் கீழ வீதிக் கடையிலிருந்து தூக்குப்போசியில் டீ வரும், அன்றைக்கு அது பச்சைத்தண்ணியாக வந்து சேர்ந்தது. மறுநாள் ஆடை கட்டி வந்தது. பட்டறைக்காரர் மூன்று நாள் டீக்கடைக்காரரோடு சண்டை பிடித்தார், நாலாம் நாள் தானே தூக்குப்போசியோடு போய் வந்தவர் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வாரக் கடைசியில் இந்தக் கோட்டிலிருந்து அந்தக் கோட்டுக்கு நடக்க இருபது நிமிஷம் ஆயிற்று, தை பிறந்தபோது ஒரு மணி நேரம், மாசி நோன்பிக்கு மூன்று மணி நேரம். பொட்டல் என்னவோ அதே பொட்டல்தான், நாடாவைப் பிடித்து அளந்தால் அதே நாற்பது மீட்டர்தான். எதிர்வீதியில் கொடியில் காயும் துணியின் பூவைக்கூட எண்ணலாம், அங்கே ஒருவர் தும்மினால் இங்கே கேட்கும். நடந்து போனால் மட்டும் வந்து சேரமாட்டேன் என்றது. ஓரத்தில் நின்று பார்ப்பவர்களுக்கு, போகிறவர் காலை எடுத்து எடுத்து வைப்பதும் ஆள் அங்கேயே இருப்பதும் தெரியும். இன்னொன்றும் உண்டு, முடியாது என்று திரும்பினால் ஒரே ஒரு தப்படிதான், எவ்வளவு நேரம் நடந்திருந்தாலும் கிளம்பிய கோட்டிலேயே வந்து நிற்பீர்கள்.

ஊர் இதற்கும் பழகிக்கொண்டது, எதற்குத்தான் பழகவில்லை. குறுக்கே போகிறவர்கள் துண்டும் தண்ணீர் பாட்டிலும் எடுத்துக்கொண்டார்கள், பிறகு சோறும் கட்டிக்கொண்டார்கள், நட்டநடுவில் யாரோ புண்ணியவான் ஒரு மோர்ப்பந்தல் போட்டார். கீழ வீதிப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவேட்டை மதியத்துக்கு மாற்றினார்கள், ரேஷன் கடைக்காரர் வாரத்தில் ஒரு நாளைக் குறுக்கே போகவும் ஒரு நாளைத் திரும்பி வரவும் ஒதுக்கிவைத்து மிச்ச நாளில் கடை திறந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அடித்த கிரிக்கெட் பந்து செவ்வாய்க்கிழமை மத்தியானம் எதிர்வீதி ஓட்டில் விழுந்தது, அதற்குள் ஆட்டம் முடிந்து சண்டையும் முடிந்துவிட்டிருந்தது. பெண்கள் இந்தக் கோட்டோரம் ஒரு வரிசையும் அந்தக் கோட்டோரம் ஒரு வரிசையுமாக உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டே ஊர்க்கதை பேசினார்கள், பேச்சுக்கு ஒரு குறையுமில்லை, கைமாற்றுக்கு ரெண்டு மிளகாய் வேண்டுமென்றால்தான் சங்கடம். பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார், ஒன்றேகால் மணி நேரத்தைப் பதினோரு நிமிஷமாக்கினால் மிச்ச நேரம் யாரிடமிருந்தாவது எடுக்கப்பட்டுத்தானே ஆகவேண்டும் என்று ஒரு விளக்கம் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள், அவரும் டியூஷனுக்கு நேரமாகிவிட்டதென்று போய்விட்டார். இத்தனைக்கும் ஒரு முழத் தண்டவாளம்கூட அதுவரை வந்து இறங்கவில்லை.

துளசிமணியின் வீடு மேல வீதியில், வெள்ளைக் கோட்டை ஒட்டினாற்போல இருந்தது. விமான நிலையத்துக் கூலியாட்களுக்குச் சோறு போடும் கேன்டீனில் சமையல் வேலை, புருஷன் போய்ப் பத்து வருஷம், ஒரே மகள் தாரணி. மகளைப் பெண் கேட்டு பெங்களூரிலிருந்து வந்தார்கள், ஓசூரிலிருந்து வந்தார்கள், பல்லடத்திலிருந்துகூட வந்தார்கள். துளசிமணி ஒன்றுக்கும் இசையாமல், நேர் எதிரே கீழ வீதியில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த நவநீதனுக்குக் கட்டிக்கொடுத்தாள். வாசலில் நின்று பார்த்தால் மகள் வாசல் தெளிப்பது தெரியவேண்டும், அவ்வளவுதான் அவளுடைய ஆசை. கூப்பிடு தூரத்தில் கொடுத்திருக்கிறேன் என்று கேன்டீனில் எல்லோரிடமும் பெருமை பேசினாள், அதற்காக இப்போது அவளை யாரும் குத்திக்காட்டவில்லை, குத்திக்காட்டாததுதான் அவளுக்கு வலித்தது.

தாரணி உண்டானது சித்திரையில். அந்தப் பக்கத்து வழக்கப்படி ஏழாம் மாசம் பெற்றவள் ஏழு வகைச் சோறு கட்டிக்கொண்டு சம்பந்தி வீட்டுக்குப் போய், கட்டுச்சோற்று விருந்து போட்டு, மகளைப் பிரசவத்துக்குக் கூட்டி வரவேண்டும். அப்போது குறுக்கே போக ஒரு முழுப் பகல் ஆனது, வயிற்றுப் பிள்ளைக்காரி நடக்கக்கூடிய தூரமில்லை. ஆனால் சுற்றுவழி ஒன்று திறந்துதான் இருந்தது. நகரத்தைச் சுற்றிக்கொண்டு இரண்டு பஸ் மாறினால் இரண்டு மணி நேரத்தில் வந்துவிடலாம். சம்பந்தியம்மா மாராத்தாள் தங்கமான மனுஷி, கோட்டோரம் வந்து நின்று, கார் வைத்துச் சுற்றுவழியில் அனுப்பிவைக்கிறேன், சோறு பின்னால் வந்தாலும் வராவிட்டாலும் நமக்குள் என்ன என்றே சொன்னாள். துளசிமணிதான் கேட்கவில்லை. சுற்றுவழி மின்மயானத்து வாசலை ஒட்டிப் போகிறது.

"சுடுகாட்டு வழியா மாசமா இருக்கறவளக் கூட்டியாரதுங்களா? பெத்தவ நான் உசுரோட இருக்கறப்பவா? வேண்டாமுங் சம்பந்தி. ஒம்பதாம் மாசம் நேர் வழியிலயே நான் சோத்தக் கட்டீட்டு வந்து கூட்டிக்கறனுங்."

அவள் அப்படிச் சொன்னதில் நியாயமும் இருந்தது. கோட்டோரம் கம்பெனி ஒரு பலகை நட்டிருந்தது, தற்காலிகச் சிரமத்துக்கு வருந்துகிறோம், இரண்டு மாதத்தில் நடை மேம்பாலம் வரும் என்று அதில் எழுதியிருந்தது, எழுத்து அத்தனை அழகாக இருந்ததால் எல்லோரும் நம்பினார்கள். எட்டாம் மாசம் யாரும் மகளை அழைக்கமாட்டார்கள், அது ஆகாது. அந்த எட்டாம் மாசத்தில்தான் திட்டத்தின் இரண்டாம் கட்டம் வந்தது. ஆட்கள் வந்து வெள்ளைக் கோட்டைக் கீழ வீதியைச் சுற்றி வளைத்துக்கொண்டு போய் விமான நிலையத்து மதில் சுவரில் சேர்த்தார்கள். சுற்றுவழி அன்றோடு போயிற்று. பலகையை மட்டும் துடைத்துப் புதுசாகப் பெயின்ட் அடித்தார்கள்.

ஒன்பதாம் மாசம் பிறந்தபோது தாரணிக்குக் கால் வீங்கியிருந்தது. கீழ வீதியில் இருந்த நர்ஸம்மா பிரஷர் பார்த்துவிட்டு, இது வீட்டில் ஆகிற பிரசவமில்லை, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்த்தான் தீரவேண்டும் என்றாள். ஆஸ்பத்திரி மேல வீதியைத் தாண்டி இருந்தது. நூற்றெட்டுக்குப் போன் போட்டதும் ஆம்புலன்ஸ் வந்தது, சைரன் அடித்துக்கொண்டு கோட்டுக்குள் இறங்கியது, சக்கரம் சுற்றச் சுற்ற நின்ற இடத்திலேயே நின்று அரை நாள் அலறியது, பிறகு டிரைவருக்கு ஷிப்ட் முடிந்துவிட்டதால் திரும்பிவிட்டது. அப்போது குறுக்கே போக ஐந்து நாள் ஆகிறதென்று சொன்னார்கள்.

துளசிமணி மனு எழுதி எடுத்துக்கொண்டு திட்ட அலுவலகத்துக்குப் போனாள். அது ஒரு தகரப் பெட்டி, அதில் இரண்டு ஜன்னல். இடது ஜன்னல் அரசுக்கு, வலது ஜன்னல் கம்பெனிக்கு, உள்ளே நடுவில் ஒரே தண்ணீர் கேன். இடது ஜன்னலில் இருந்தவர் மனுவை முழுக்கப் படித்தார், அவருக்கும் கல்யாணமாகி ஒரு மகள் இருந்தாள், கண்ணில் ஈரம்கூட வந்தது. நிலம் எங்களுடையதுதான், ஆனால் அதன்மேல் எப்படிப் போவது வருவது என்பதெல்லாம் கம்பெனிக்குக் கொடுத்தாயிற்று என்று முத்திரை குத்தி வலது ஜன்னலுக்கு அனுப்பினார். வலது ஜன்னலில் கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒரு பெண் இருந்தாள், துளசிமணியை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். ரயில் விடுவது மட்டும்தான் எங்கள் வேலை, ரயில் வருவதற்கு முன்னால் ஆகிற நேரமெல்லாம் அரசின் பொறுப்பு, ஒப்பந்தத்தில் பதினெட்டாம் பக்கத்தில் இருக்கிறது என்று அவளும் முத்திரை குத்தி இடது ஜன்னலுக்கு அனுப்பினாள். இப்படி மூன்று நாள் அந்த மனு ஒரே பெட்டிக்குள் ஜன்னலுக்கு ஜன்னல் போய்வந்தது. யாரும் அவளை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. பேசியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை கத்திவிட்டாவது வந்திருப்பாள். மூன்றாம் நாள் அவள் கேட்டது ஒன்றுதான்.

"பாலமும் வேண்டாமுங்க, ஒண்ணும் வேண்டாமுங்க. ஒரே ஒரு நாளைக்கு அந்தக் கோட்ட அழிச்சுட்டு, மறுநா போட்டுக்கறீங்களா?"

இரண்டு ஜன்னலிலிருந்தும் இரண்டு பேரும் எழுந்து நின்றார்கள், பாவம், அவர்களால் வேறென்ன செய்யமுடியும். கோடு இரண்டு தரப்புக்கும் பொது, ஒருவர் மட்டும் அழிக்க அதிகாரமில்லை என்றார்கள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் துளசிமணி தலைக்குக் குளித்து, ஏழு வகைச் சோற்றில் கெட்டுப்போகாத புளிச்சோற்றை மட்டும் கிளறி, வாழையிலையில் கட்டிக் கூடையில் வைத்துக்கொண்டு கோட்டைத் தாண்டினாள். அவள் கணக்கில் ஐந்து நாள், பிரசவத்துக்கு நர்ஸம்மா சொன்ன நாளோ பத்து. போய்ச் சேர்ந்துவிட்டால் கட்டிலில் படுக்கவைத்துப் பத்துப் பேராகத் தூக்கிக்கொண்டாவது வந்துவிடலாம், எதுவும் இல்லாவிட்டாலும் பெற்றவள் பக்கத்தில் இருக்கலாம் என்பதற்குமேல் அவள் யோசிக்கவில்லை. தாரணி எதிர்வாசலில் நாற்காலி போட்டு, வீங்கிய காலைப் பலகைமேல் தூக்கி வைத்துக்கொண்டு, அம்மா நடப்பதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு நாள் அவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள், ஒருத்தி நடந்தபடி, ஒருத்தி உட்கார்ந்தபடி. அவ்வளவு பேச்சு அவர்கள் ஒரு வீட்டில் இருந்த இருபத்திரண்டு வருஷத்தில்கூடப் பேசியதில்லை. பிள்ளைக்கு என்ன பேர் வைப்பது, நவநீதனுக்கு எப்போது கோபம் வரும், அப்பா உயிரோடு இருந்தால் இந்நேரம் இரண்டு ஜன்னலையும் பிடுங்கி எறிந்திருப்பார் என்றெல்லாம் பேசினார்கள். மகளின் மூக்குத்தி மின்னுவது துளசிமணிக்குத் தெரிந்தது, கன்னத்தில் முடி ஒட்டியிருப்பது தெரிந்தது, அதை ஒதுக்கிவிடக் கை பரபரத்தது. கோட்டோரம் இருந்த பெண்கள் அவரைக்காய் உரிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள், மோர்ப்பந்தல்காரர் ஒரு சொம்பு மோரை நீட்டி, நிற்காதீங்க அம்மிணி, நின்றால் திரும்பத் தோன்றும் என்று சொல்லி அனுப்பினார்.

மூன்றாம் நாள் காலையிலேயே தாரணிக்கு வலி எடுத்துவிட்டது. நவநீதனும் இன்னும் மூன்று பேரும் கட்டிலோடு அவளைத் தூக்கிக்கொண்டு அந்தக் கோட்டுக்குள் இறங்கினார்கள். அரை மணி நேரம்கூட ஆகவில்லை, அவள் துடித்த துடிப்பைப் பார்க்க முடியாமல் திரும்பினார்கள், ஒரே தப்படியில் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள். உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார்கள். அதற்கப்புறம் துளசிமணிக்குப் பார்க்க ஒன்றுமில்லாமல் போனது, காது மட்டும் மிஞ்சியது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடிப் பார்த்தாள், ஓடினாலும் நடந்தாலும் அந்த நிலத்துக்கு ஒன்றுதான்.

"அம்மா, எங்க வந்துட்டே?"

"இதோ, வந்துட்டேன் கண்ணு."

உள்ளேயிருந்து அந்தக் குரல் வந்தபடியே இருந்தது, இவளும் அதையே சொல்லியபடி இருந்தாள். வந்துட்டேன் கண்ணு, வாசலுக்கு வந்துட்டேன், இந்தா, படி ஏறறேன் என்று பொய்யைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் கொண்டுபோனாள். வேறு எதையும் பக்கத்தில் கொண்டுபோக அவளால் முடியவில்லை. மத்தியானத்துக்குமேல் குழந்தையின் அழுகை கேட்டது. மாராத்தாள் ஒரு துணிச் சுருளோடு வெளியே வந்து தூக்கிக் காட்டினாள், பொண்ணுங்க சம்பந்தி என்றாள். சிவந்த நெற்றியும் மூடிய கையும் துளசிமணிக்குத் தெளிவாகத் தெரிந்தன. சிரித்தாள், கும்பிட்டாள், கும்பிட்டுக்கொண்டே நடந்தாள். ஆனால் நர்ஸம்மா துணி துணி என்று கத்துவதும், குடம் குடமாகத் தண்ணீர் உள்ளே போவதும் நிற்கவில்லை. ரத்தம் நிற்கவில்லை என்று யாரோ போனில் யாரிடமோ சொன்னார்கள்.

எங்கே வந்துவிட்டாய் என்று தாரணி இன்னும் இரண்டு தடவை கேட்டாள். இரண்டாவது தடவை குரல் சின்னப் பிள்ளையின் குரலாக இருந்தது. அதற்கப்புறம் கேட்கவில்லை. கேட்காமலே துளசிமணி வந்துட்டேன் கண்ணு, வந்துட்டேன் கண்ணு என்று சொல்லிக்கொண்டு வெகுநேரம் நடந்தாள். கீழ வீதிப் பெண்கள் அழத் தொடங்கியதும் கூடையைக் கீழே வைத்துவிட்டு, அந்த இடத்திலேயே உட்கார்ந்தாள்.

திரும்பியிருந்தால் ஒரு தப்படியில் அவள் வீடு. அவள் திரும்பவில்லை. முன்னால் போகவும் இனி அவசரமில்லை. மறுநாள் காலை வரை அங்கேயே உட்கார்ந்து எதிர்வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஷாமியானா போட்டார்கள், மூங்கில் வந்தது, பச்சை ஓலை வந்தது, எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் நடந்தன. வளைத்துக் கோடு போட்ட பிறகு கீழ வீதிக்குள் சுடுகாடு கிடையாது, பாடையைக் குறுக்கேதான் கொண்டு வரவேண்டும். ஐந்து நாளைக்கு எப்படி என்று பெரியவர்கள் கூடிப் பேசினார்கள், ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்கமுடியாது. கடைசியில் மாற்றி மாற்றித் தூக்கப் பதினாறு பேரும், ஐந்து நாளைக்குச் சோறும், தண்ணீரும், பாதி வழியில் என்ன செய்வது என்ற பயமுமாகக் கிளம்பினார்கள். நவநீதன் முன்னால் கொள்ளிச்சட்டி பிடித்தான். பெண்கள் பாடைக்குப் பின்னால் வருவதில்லை, ஆனால் பிள்ளைக்கு ஆஸ்பத்திரியில் ஊசி போடவேண்டியிருந்ததால் மாராத்தாள் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் வந்தாள்.

பாடை கோட்டைத் தாண்டி உள்ளே இறங்கியது.

எந்த ஊரிலும் சாவு வந்தால் பஸ்ஸை ஓரங்கட்டுவார்கள், கடைக்காரர் பாதிக் கதவை இறக்குவார், சண்டை போட்டுக்கொண்டிருப்பவர்கள்கூட ஒதுங்கி நிற்பார்கள். அந்த நிலத்துக்கும் அந்த மரியாதை தெரிந்திருந்தது. முன்னால் தூக்கியவர்கள் காலை எடுத்து வைத்தார்கள், அந்தத் தப்படிக்கு உண்டான தூரம் நகர்ந்தார்கள். அடுத்த தப்படிக்கு அடுத்த தூரம் நகர்ந்தார்கள். அவர்களுக்கே புரியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, நிற்கப் பயந்து வந்துகொண்டே இருந்தார்கள். துளசிமணி எழுந்து நின்றாள். பாடையில் வரும் மகளின் முகம் பெரிதாகிக்கொண்டே வந்தது, மூக்குத்தி இருந்த இடம் தெரிந்தது, கன்னத்தில் ஒட்டியிருந்த முடியை யாரோ ஒதுக்கிவிட்டிருந்தார்கள்.

அவர்கள் அவளிடம் வந்து சேர்ந்தபோது சோற்றுப் பொட்டலங்களை யாரும் பிரித்திருக்கவில்லை, தண்ணீர்ப் பாட்டில்களின் மூடியை யாரும் திருகியிருக்கவில்லை. மாராத்தாள் குழந்தையை அவள் கையில் கொடுத்தாள். நவநீதன் கொள்ளிச்சட்டியோடு நின்று, தன் வீட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தான், மாமியாரைப் பார்த்தான்.

"எத்தன நேரமாச்சுங் அத்த? இப்பத்தான எறங்குனோம்."

துளசிமணி குழந்தையின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். மூன்று பகல் நடந்த பிறகு மகளுக்கும் தனக்கும் இடையில் எவ்வளவு மிச்சமிருந்தது என்பது, அந்தப் பொட்டலில் இருந்த அத்தனை பேரிலும் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

"இருவத்தாறு தப்படிங் மாப்பிள்ள," என்றாள். "எண்ணீட்டுத்தான் நின்னேன்."